லேடி பி குட்: ஒன்பது பேரும் ஒரு நேர்கோடும்

கேள்வி மூன்று பகுதியாக இருக்கிறது. 1943-இல் காணாமல் போய், பல ஆண்டுகள் கழித்து லிபியப் பாலைவனத்தில் கிடைத்த 'லேடி பி குட்' என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் ஊழியர் ஒன்பது பேருக்கு என்ன ஆனது? விமானத்துக்குள் தண்ணீரும் உணவும் இருந்தும் அவர்கள் ஏன் அங்கே போகவில்லை? அதன் பாகங்களைக் கழற்றிப் பொருத்திய வேறு விமானங்கள் விபத்துக்குள்ளாயின, அது சாபம் பிடித்த விமானம் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

சாபத்தைப் பற்றி ஒரே பத்தி போதும், அதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். முதல் இரண்டுக்கும்தான் ஆற அமரப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சுருக்கம் இதுதான்: ஒன்பது பேரும் இறந்தார்கள். ஒருவர் குதித்த இரவிலேயே. மற்ற எட்டுப் பேர் பாலைவனத்தில் நடந்து, தாகத்தில். எட்டுப் பேரின் உடல்கள் கிடைத்தன. ஒருவருடையது இன்றுவரை கிடைக்கவில்லை.

அவர்கள் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் பெயர் தெரிந்த பலருக்கு அதிலிருந்தவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரிவதில்லை. விமானி வில்லியம் ஹாட்டன், துணை விமானி ராபர்ட் டோனர், வழி கணிக்கும் அதிகாரி டி.பி. ஹேஸ், குண்டு வீசும் அதிகாரி ஜான் வோராவ்கா, பொறியாளர் ஹாரல்ட் ரிப்ஸ்லிங்கர், ரேடியோ இயக்குநர் ராபர்ட் லமாட், இயந்திரத் துப்பாக்கி வீரர்கள் கை ஷெல்லி, வெர்னன் மூர், சாமுவேல் ஆடம்ஸ்.

பி-24டி லிபரேட்டர் வகையைச் சேர்ந்த நான்கு எஞ்சின் விமானம் அது. அமெரிக்க ராணுவ விமானப்படையின் 376-ஆவது குண்டுவீச்சுப் பிரிவுக்குச் சொந்தமானது. விமானமும் புதிது, ஆட்களும் புதிது. பெங்காசிக்குத் தெற்கே உள்ள சொலூக் தளத்துக்கு இரண்டுமே 1943 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தன. ஏப்ரல் 4, ஞாயிற்றுக்கிழமை, நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்க 25 விமானங்கள் இரண்டு அணிகளாகக் கிளம்பின. ஒன்பது பேரும் சேர்ந்து போரில் பறந்த முதல் நாள் அதுதான். லேடி பி குட் இரண்டாம் அணியில், கடைசியாகக் கிளம்பியவற்றுள் ஒன்று. தளத்தில் மணற்புயல். அணியில் பெரும்பாலானவை பாதியிலேயே திரும்பிவிட்டன. ஹாட்டன் திரும்பவில்லை. இரவு 7.50 வாக்கில் நேப்பிள்ஸை நெருங்கியபோது இலக்கு தெரியவில்லை. குண்டுகளைக் கடலில் கொட்டிவிட்டுத் தெற்கே திரும்பினார்கள்.

நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டு நிமிடம் ஆனபோது ஹாட்டன் தரைக்குப் பேசினார். தன் விமானத்தில் உள்ள திசைகாட்டும் ரேடியோ கருவி வேலை செய்யவில்லை, எந்தத் திசையில் இருக்கிறோம் என்று சொல்லுங்கள் என்று கேட்டார். பெங்காசி அருகிலுள்ள பெனினா நிலையம் அளந்து, 330 பாகை என்று பதில் சொன்னது. அதாவது, நிலையத்துக்கு வடமேற்கே, கடலின் மேல், இன்னும் தளத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காலத்துத் தரை நிலையங்கள் வளைய வடிவ ஆன்டெனாவைச் சுழற்றி, ரேடியோ ஒலி மங்கும் நிலையைப் பார்த்துத் திசையைக் கணித்தன. வளையம் ஒரு கோட்டைக் காட்டும். அந்தக் கோட்டில் விமானம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அது மட்டுமே வைத்துச் சொல்ல முடியாது. ஒற்றையடிப் பாதையில் இருட்டில் நிற்பவனுக்குப் பாதை காலுக்குத் தெரியும், ஊரைத் தாண்டிவிட்டோமா இனிமேல்தான் வருமா என்பது தெரியாது, அப்படித்தான். 330 பாகையின் நேர் எதிர்ப்பக்கம் 150 பாகை, தென்கிழக்கு. பெனினாவிலிருந்து, பின்னாளில் விமானம் கிடந்த இடத்துக்கு வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ அதே 150 வரும். பெனினா அளந்த கோடு சரி. விமானம் அதற்குள் கடற்கரையைத் தாண்டித் தென்கிழக்கே பாலைவனத்தின் மேல் போய்விட்டது என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

தளத்தில் இருந்தவர்கள் ஒளிக்குண்டுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். விமானத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இன்னும் கடல்தான் என்று நினைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பறந்தார்கள். இரவில், நிலா வெளிச்சமோ ஊர் விளக்கோ இல்லாத இடத்தில், மேலிருந்து பார்த்தால் மணலும் கடலும் ஒரே கறுப்பு. ஹேஸைத்தான் பலரும் குற்றம் சொல்கிறார்கள். வழி கணிப்பது அவர் பொறுப்பு, தவறினார், மறுக்கவில்லை. ஆனால் முதல் பயணம், இருட்டு, பழுதான கருவி, இவற்றோடு தரை நிலையமே "சரியான பக்கம்தான் வருகிறீர்கள்" என்று உறுதி சொல்லும்போது, அதை மறுத்துத் திரும்பு என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

பின்னிரவு இரண்டு மணிக்கு எரிபொருள் தீரப் போகிறது என்று தெரிந்ததும் குதித்தார்கள். கடலில் விழுவோம் என்ற எண்ணத்தில் மிதவை அங்கிகளை மாட்டியிருந்தார்கள். ஆளில்லாத விமானம் மேலும் 26 கிலோமீட்டர் போய், சரிந்து சரிந்து இறங்கி, சரளைச் சமவெளியில் வயிறு உரச நின்றது. பின்பகுதி முறிந்ததே தவிர எரியவில்லை. எரிய எரிபொருள் அதிகம் மிச்சமில்லை. கடற்கரையோரத் தளத்திலிருந்து அந்த இடம் 650 கிலோமீட்டருக்கும் மேல்.

தளத்தில் என்ன நினைத்திருப்பார்கள் என்பது புரிகிறது. 330 பாகையில் இருந்த விமானம் வரவில்லையென்றால் கடலில்தான் விழுந்திருக்கும். தேடிய விமானங்கள் கடலின் மேல் தேடின. அதே கோடு, எதிர்ப்பக்கம். எதுவும் கிடைக்கவில்லை. கோப்பு மூடப்பட்டது, மத்தியதரைக் கடலில் மூழ்கியதாகவே அடுத்த பதினைந்து ஆண்டுகள் குடும்பங்கள் நம்பின.

குதித்தவர்கள் துப்பாக்கி வேட்டுகளாலும் ஒளிக்குண்டுகளாலும் ஒருவரையொருவர் தேடிச் சேர்ந்தார்கள். எட்டுப் பேர். வோராவ்கா மட்டும் வரவில்லை. அவருடைய பாராசூட் சரியாக விரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. டோனர் ஒரு சிறு நாட்குறிப்பு எழுதிவந்தார். இந்தக் கதையில் நமக்குத் தெரிந்தவற்றில் பாதி அதிலிருந்துதான். வழி தவறினோம், எரிபொருள் தீர்ந்தது, குதித்தோம், யாருக்கும் பெரிய அடியில்லை, ஜானைக் காணோம் என்று தொடங்குகிறது. திங்கட்கிழமை வடமேற்காக நடக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் அரைக் குடுவை. ஒருவருக்கு நாளைக்கு ஒரு மூடி. ராணுவக் குடுவை ஒன்று ஏறத்தாழ ஒரு லிட்டர். அப்படியானால் எட்டு ஆட்களுக்கு மொத்தம் அரை லிட்டர் அளவு. அதை ஒரு வாரத்துக்கு நீட்டினார்கள்.

பகலில் வெயில், இரவில் தாங்க முடியாத குளிர். ஃபாரன்ஹீட்டில் 35 என்று டோனர் எழுதுகிறார். நம் கணக்கில் இரண்டு டிகிரிக்குக் கீழே. தூக்கமில்லை. செவ்வாய் இரவு பதினைந்து நிமிடம் நடை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று முறை வைத்துக்கொண்டு விடிய விடிய நடந்திருக்கிறார்கள். போகிற வழியில் பாராசூட் துணியைக் கிழித்து அம்புக்குறி போல வைத்து மேலே கல் வைத்தார்கள், பின்னால் தேடி வருகிறவர்களுக்காக. வியாழக்கிழமை மணற்குன்றுகள் எதிர்ப்பட்டன. கலன்ஷியோ மணற்கடலின் விளிம்பு. சரளைத் தரையில் நடப்பது வேறு. கால் புதையும் குன்றில் ஏறி இறங்குவது வேறு. லமாட்டுக்குக் கண் போய்விட்டது, மற்றவர்கள் கண்களும் மோசம், சாமும் (ஆடம்ஸ்) மூரும் முடிந்தார்கள் என்றே நினைத்தோம் என்று அன்று எழுதுகிறார். மறுநாள் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் உதவி தேடிப் பிரிந்து போனபோது, கூடப் போன மூன்றாவது ஆள் அதே மூர். முந்தின நாள் முடிந்துவிட்டதாக எண்ணப்பட்டவர் எழுந்து நடந்திருக்கிறார். நாட்குறிப்பில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். டோனர் அதை ஒரு வியப்பாகக்கூடக் குறிக்கவில்லை, அதற்கு அவருக்குத் தெம்பில்லை.

எஞ்சிய ஐவர் அங்கேயே கிடந்தார்கள். சனிக்கிழமை சில பறவைகளைப் பார்த்திருக்கிறார்கள். ஞாயிறு, தண்ணீர் மட்டும் இருந்தால் போய்ச் சேர்ந்துவிடுவோம், நாக்கை நனைக்கவே கொஞ்சம் மிச்சம் என்கிறார். திங்கள், ஏப்ரல் 12: இன்னும் உதவி வரவில்லை, இரவு கடுங்குளிர். அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமை.

இப்போது இரண்டாவது கேள்வி. விமானம் அவர்களுக்குத் தென்கிழக்கே கிடந்தது. அவர்கள் வடமேற்கே போனார்கள். ஏன் என்றால், விமானம் எங்கே விழுந்தது, எரிந்ததா, முழுதாக இருக்கிறதா என்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. இருட்டில் அது போய் மறைந்த திசை மட்டும் தெரியும். வீடு வடமேற்கே என்பதும் தெரியும். அந்த முடிவில் திசை துல்லியம். நடந்த நாளெல்லாம் அந்தத் திசையை விட்டு அவர்கள் பெரிதாக விலகவில்லை. தவறியது தொலைவு. கடற்கரை நடந்து எட்டும் தூரத்தில் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரைக் குடுவைத் தண்ணீரோடு யாரும் கிளம்ப மாட்டார்கள்.

விமானத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார்களா? பலர் உறுதியாக ஆமாம் என்கிறார்கள். அதில் தண்ணீரும் உணவும் இருந்தன, ரேடியோ 1959-இல்கூட வேலை செய்தது, தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் குஃப்ரா சோலை நேச நாடுகள் கையில் இருந்தது, எல்லாம் உண்மை. எனக்கு அந்த உறுதி இல்லை. காரணம் அதே குஃப்ரா. 1942 மே மாதம் தென்னாப்பிரிக்க விமானப்படையின் மூன்று பிளென்ஹைம் விமானங்கள் குஃப்ராவிலிருந்து கிளம்பி வழி தவறி, பாலைவனத்தில் இறங்கின. அந்தப் பன்னிரண்டு பேரிடம் விமானங்கள் இருந்தன, ரேடியோ இருந்தது, தண்ணீரும் இருந்தது. தேடல் நடந்துகொண்டும் இருந்தது. விமானத்தோடே இருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் பதினொருவர் இறந்து, ஒரே ஒருவர்தான் உயிரோடு மீட்கப்பட்டார். 'விமானத்தை விட்டு நகராதே' என்பது நல்ல விதி, ஆனால் யாராவது சரியான இடத்தில் தேடினால்தான் அது காப்பாற்றும். லேடி பி குட்டைப் பொறுத்தவரை எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் அழைத்து, குஃப்ராவில் யாராவது கேட்டிருந்தால் கதை மாறியிருக்கலாம். அந்த 'இருந்தால்' கொஞ்சம் பெரியது.

1958-இல் எண்ணெய் தேடிய பிரிட்டிஷ் குழுவினர் வானிலிருந்து சிதைந்த விமானத்தைப் பார்த்துவிட்டு, திரிப்போலி அருகே இருந்த அமெரிக்க வீலஸ் தளத்துக்குச் சொன்னார்கள். அந்தப் பகுதியில் எங்கள் விமானம் எதுவும் தொலைந்ததாகப் பதிவு இல்லை என்று தளம் விட்டுவிட்டது. பதிவில் அது கடலுக்குள் அல்லவா இருந்தது! 1959 பிப்ரவரி 27-இல் எண்ணெய் நிறுவனத்தின் நில ஆய்வாளர்கள் தரை வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். துப்பாக்கிகள் சுடும் நிலையில், உள்ளே தண்ணீர் அப்படியே. ஆட்களும் இல்லை, பாராசூட்டுகளும் இல்லை. குதித்திருக்கிறார்கள் என்பது அதிலிருந்தே தெரிந்தது. மே மாதம் அமெரிக்கர்கள் வந்தார்கள்.

அந்த ஆண்டு ராணுவம் நடத்திய தேடல் கழற்றி வைத்த பூட்சுகளையும் பாராசூட் அம்புகளையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வடமேற்காகப் போய், மணற்குன்றுகள் தொடங்கும் இடத்தில் நின்றது. உடல்கள் மணலுக்கு அடியில் புதைந்திருக்கும் என்று முடிவு செய்து திரும்பிவிட்டார்கள். தண்ணீரே இல்லாத மனிதர்கள் குன்றுகளுக்குள்ளும் அவ்வளவு தூரம் நடந்திருப்பார்கள் என்று அவர்களால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. திசை சரி, தொலைவு தவறு. இம்முறை தேடியவர்கள் பக்கம். 1960 பிப்ரவரி 11-இல் மறுபடியும் எண்ணெய்க் குழுவினர்தான், குன்றுகளுக்குள்ளே ஐந்து உடல்களைக் கண்டார்கள்: ஹாட்டன், டோனர், ஹேஸ், லமாட், ஆடம்ஸ். குதித்த இடத்திலிருந்து அது 100 கிலோமீட்டருக்கும் மேல். ஐந்து நாள் நடையில், நாளைக்கு ஒரு மூடித் தண்ணீரில்.

பிறகுதான் அமெரிக்கத் தரைப்படையும் விமானப்படையும் சேர்ந்து பெரிய தேடலைத் தொடங்கின. மே மாதம் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் கிடைத்தார்கள். இருவரும் ஐவரை விட்டுப் பிரிந்த பிறகு மேலும் முப்பது கிலோமீட்டருக்கும் கூடுதலாக, முழுக்கக் குன்றுகளிலேயே போயிருக்கிறார்கள். ரிப்ஸ்லிங்கரும் நாட்குறிப்பு வைத்திருந்தார்; குன்றுகளை விட்டு வெளியேறவும் தண்ணீர் கண்டுபிடிக்கவும் போராடுகிறோம் என்பது அதன் கடைசிப் பகுதி. ஆகஸ்டில் வோராவ்காவும் கிடைத்தார், விமானத்துக்குச் சில மணி நேர நடைத் தொலைவில், விரியாத பாராசூட்டோடு. எட்டுப் பேரும் தாய்நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

நினைவுச் சின்னங்கள் என்று பார்த்தால் சிதறிக் கிடக்கின்றன. வீலஸ் தளத்துத் தேவாலயத்தில் ஒன்பது பேர் நினைவாக வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல், தளம் மூடப்பட்டபோது ஒஹாயோ மாநிலம் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனது. விமானத்திலிருந்து எடுத்த பொருள்களும் அங்கே இருக்கின்றன. அதன் எஞ்சின் விசிறி (புரொப்பெல்லர்) ஒன்று, லமாட்டின் ஊரான மிச்சிகன் மாநிலத்து லேக் லிண்டனில் இருக்கிறது. ஒரு சிற்றூர் தன் பையனுக்காக வைத்திருக்கும் அதுவே எனக்கு இவற்றில் மிகப் பொருத்தமாகப் படுகிறது. விமானத்தின் உடல், கண்டுபிடித்த பிறகும் முப்பத்தைந்து ஆண்டுகள் பாலைவனத்திலேயே கிடந்தது. வந்துபோனவர்கள் கையில் கிடைத்ததைக் கழற்றிக்கொண்டு போனார்கள். 1994 ஆகஸ்டில் லிபிய அரசு எஞ்சியதை எடுத்து தோப்ருக்குக்குக் கொண்டுபோனது.

சாபத்துக்கு வருகிறேன். ஆய்வுக்காகக் கழற்றிய சில பாகங்களை வேறு விமானங்களில் பொருத்தியதாகவும், அவற்றில் சிலவற்றுக்குக் கோளாறு வந்ததாகவும் சொல்கிறார்கள். அவற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, சித்ரா வளைகுடாவில் பத்துப் பேருடன் விழுந்த ராணுவ 'ஆட்டர்' விமானம். அதில் லேடி பி குட்டின் இருக்கைக் கைப்பிடி ஒன்று இருந்ததாம். கைப்பிடி விமானத்தை வீழ்த்தாது. 1960-களின் தொடக்கத்தில் சிறிய ராணுவ விமானங்கள் விழுவது அபூர்வமான நிகழ்ச்சியும் இல்லை. இதே பாகங்கள் போன மற்ற விமானங்கள் பத்திரமாக இறங்கியதை யாரும் எண்ணி வைக்கவில்லை. ஆளில்லாமல் தானாகத் தரையிறங்கிய விசித்திரத்தையும் இதோடு சேர்த்துவிடுகிறார்கள். எரிபொருள் தீர்ந்த, சமநிலையில் விடப்பட்ட கனமான விமானம் பரந்த சமவெளியில் மெல்லச் சரிந்து இறங்குவது இயற்பியலுக்கு உட்பட்ட விஷயம்தான். பேய்க்கதைக்குக் கண், காது, மூக்கு வைத்துப் பேசுபவர்கள் அந்தப் பத்துப் பேரின் சாவையும் சேர்த்துத் தீனியாக்குகிறார்கள் என்பதே இதில் எனக்குள்ள ஆட்சேபம்.

இன்றுவரை உடல் கிடைக்காத மூரைப் பற்றி ஒரு தகவலோடு முடிக்கிறேன், ஏனென்றால் இதை அடுத்த கேள்வியாக நிச்சயம் கேட்பீர்கள். 1953-இல் அந்தப் பகுதியில் பயிற்சிக்குப் போன பிரிட்டிஷ் படையினர் ஒரு மனித எலும்புக்கூட்டைக் கண்டு, யாரென்று தெரியாமல் அங்கேயே புதைத்தார்கள் என்றும், அது மூராக இருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. அப்போது விமானமே கண்டுபிடிக்கப்படவில்லை, ஆகவே அவர்களுக்குச் சந்தேகம் வரக் காரணமில்லை. அது உறுதி செய்யப்படவும் இல்லை. துனீசியாவில் கார்த்தேஜ் அருகே உள்ள அமெரிக்கப் போர்க் கல்லறைத் தோட்டத்தில், காணாமல் போன 3,724 பேரின் பெயர்கள் பொறித்த சுவரில் வெர்னன் எல். மூரின் பெயர் இருக்கிறது.